இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம், செய்த வேலைக்குப் பெயர்: கேம் துறைக்குப் போகும் நம்ம பிள்ளைகளுக்காக

(மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணியின் மாணவர் சந்திப்பில் அணித் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, கல்லூரி குரூப்களில் பகிருங்க.)

 

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, வீடியோ கேம் துறையில் மாணவர்களுக்கான இன்டர்ன்ஷிப். கட்சி மேடையில் இதுக்கு என்ன வேலைன்னு சிலர் நினைக்கலாம். ஒரு பிள்ளை ஆறு மாசம் உழைக்கிறான். அதுக்குக் கூலி கிடையாது. அவன் செஞ்ச வேலையில் அவன் பேரும் கிடையாது. இது மில்லில் நடந்தா கொடி பிடிச்சிருப்போம். ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டர் முன்னாடி நடக்கிறதால நாம கவனிக்காம இருக்கோம். அதான் இந்தப் பேச்சு.

முதல்ல பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'கேம்'னு சொன்னதும் உங்களுக்கு ரம்மி ஞாபகம் வரும். தப்பே இல்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைச்சு உயிரை விட்டவங்களோட குடும்பங்களை இந்தத் தமிழ்நாடு பார்த்திருக்கு. அதனாலதான் 2022 அக்டோபரில் நம் சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைத் தனியாகப் பிரித்துத் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸையும் பணம் வைக்காத விளையாட்டுகளையும் ஊக்குவிக்கலாம் என்கிறது. நான் பேசப்போறது இந்த இரண்டாவது வகையைப் பத்தி. கதை, ஓவியம், இசை, கணக்கு, கோடிங் எல்லாம் சேர்ந்து உருவாகிற வீடியோ கேம். சினிமா மாதிரி அதுவும் ஒரு தொழில்.

உதாரணம் சொல்றேன். 2023ல் 'வெண்பா'ன்னு ஒரு கேம் வந்துச்சு. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மாவோட கதை. இட்லி அவிச்சு, பழைய சமையல் குறிப்பைத் தட்டுத் தடுமாறிப் படிச்சு, அங்க வளர்ற மகன்கிட்ட நம்ம மொழியையும் ருசியையும் கொண்டு சேர்க்கப் பார்க்கிற அம்மா. டொரன்டோவில் இருக்கிற 'விசை கேம்ஸ்'ங்கிற சின்ன ஸ்டூடியோ செஞ்சது. 2024ல் இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் முதன்மைப் பரிசு. அதே வருஷம் பாஃப்டாவில் அறிமுக கேம் விருது. நம்ம வீட்டு அடுக்களை உலக மேடை ஏறிடுச்சு, ஆனா டொரன்டோ வழியா. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ அப்படி ஒண்ணு வர எது தடையா இருக்கு? திறமை குறைவுன்னு யாரும் சொல்ல முடியாது. தொழிலுக்குள்ள நுழையற வாசல்லதான் கோளாறு.

அந்த வாசலுக்குப் பேர் இன்டர்ன்ஷிப்.

இந்தத் தொழில் இந்தியாவுக்குப் புதுசு இல்லை. 1997லேயே பெங்களூருவில் துருவா இன்டராக்டிவ் தொடங்கினாங்க. 2019ல் அதை ஜி.டி.ஏ. எடுக்கிற ராக்ஸ்டார் வாங்கியது. யூபிசாஃப்டுக்குப் புனேயிலும் மும்பையிலும் ஸ்டூடியோ இருக்கு. கர்நாடகம் 2012லேயே அனிமேஷன், கேமிங் துறைக்கென்று தனிக் கொள்கை போட்டது. சென்னையிலும் கோவையிலும் ஸ்டூடியோக்கள் இருக்கு, ஆனா நிறைய சின்னது. பெரிய ஸ்டூடியோ வேணும்னா நம்ம பிள்ளை பெட்டியைத் தூக்கிட்டு பெங்களூரு ரயில்தான் ஏறணும்.

அங்க நடக்கிற வேலையில் பெரும்பங்கு வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் செய்யற அவுட்சோர்சிங். ஒரு கார், ஒரு மரம், ஒரு கோட்டைச் சுவர்னு 3டி மாடல் செய்யணும். மேல டெக்ஸ்சர் போடணும். டெஸ்டிங்னா, ஒரே கதவை நூறு தடவை திறந்து மூடி, எந்தத் தடவை ஹீரோ சுவருக்குள்ள மாட்டிக்கிறான்னு குறிச்சு எழுதணும். இதெல்லாம் செஞ்சு செஞ்சுதான் வரும். நாலு வருஷ பி.இ. பாடத்தில் வராது. அதனால இன்டர்ன்ஷிப் போகாதவனுக்கு இந்தத் துறையில் இன்டர்வியூவே கிடைக்கிறது கஷ்டம்.

இப்ப நிலைமை இன்னும் இறுகியிருக்கு. 2024 ஜனவரி, பிப்ரவரி ரெண்டே மாசத்தில் யூனிட்டி 1,800 பேரையும், மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரையும், சோனி பிளேஸ்டேஷன் 900 பேரையும் நீக்கப்போறதா அறிவிச்சாங்க. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிஞ்சப்ப பெங்களூரு அலுவலகமும் மூடியது. அஞ்சு வருஷம், பத்து வருஷம் அனுபவம் உள்ளவங்களே வேலை தேடுற சந்தையில் நேத்து படிச்சு முடிச்சவன் வரிசையோட கடைசியில் நிக்கிறான். 'சும்மாவாவது வந்து வேலை பார்க்கறேன், உள்ள விடுங்க'ன்னு அவனே கெஞ்சற நிலை. அந்தக் கெஞ்சலை வச்சுத்தான் மூணு விதமான சுரண்டல் நடக்குது.

ஒண்ணு, சர்ட்டிபிகேட் வியாபாரம். இன்டர்ன்ஷிப்பை ஏ.ஐ.சி.டி.இ. பாடத்திட்டத்துக்குள்ள கொண்டு வந்தது நல்ல நோக்கம். ஆனா கல்லூரிக்கு வேண்டியது ஃபைலில் வைக்க ஒரு காகிதம்னு ஆகிப்போச்சு. காகிதம் விக்கிறதுக்கு ஆள் வந்தாச்சு. வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீங்க: 'கேம் டெவலப்மென்ட் இன்டர்ன்ஷிப், பதினஞ்சு நாள், சர்ட்டிபிகேட் உறுதி, உடனே பணம் கட்டவும்'. எங்க பேட்ச்லயே ஒரு டிரெய்னிங் சென்டரில் இன்பிளான்ட் டிரெய்னிங்னு சொல்லி, மூணு நாள் பி.பி.டி. ஓட்டிக் காட்டி, தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணாங்க. அந்த மூணு நாளில் ஒருத்தர்கூட ஒரு வரி கோடு எழுதலை. வேலை செய்யப் போறவன்கிட்டயே காசு வாங்குறாங்க, பாருங்க!

ரெண்டு, சம்பளம் இல்லாத நிஜ வேலை. ஸ்டூடியோ உண்மையானது, வேலையும் உண்மையானது. காலையில பத்து மணிக்குப் போனா டெட்லைன் நேரத்தில் ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு தெரியாது. ஆனா ஸ்டைபண்ட் கிடையாது, 'எக்ஸ்போஷர்' மட்டும்தான். எக்ஸ்போஷரைக் காட்டினா பி.ஜி. ஓனர் வாடகையைக் கழிச்சுக்குவாரா? மெஸ்ல சோறு போடுவாங்களா? மாசாமாசம் மகன் அக்கவுண்டில் பணம் போடக்கூடிய வீட்டுப் பிள்ளை ஆறு மாசம் தாக்குப் பிடிப்பான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டி, அம்மா நூறு நாள் வேலைக்குப் போற வீட்டோட முதல் பட்டதாரி முதல் மாசமே ஊர் திரும்பிடுவான். இங்க வடிகட்டறது திறமை இல்லை, வாடகை. இட ஒதுக்கீட்டுக்காக ரெண்டு மூணு தலைமுறை போராடிக் கல்லூரிக் கதவைத் திறந்தோம். வேலைக் கதவில் இப்ப இன்னொரு பூட்டு தொங்குது.

மூணாவது, பேர். இதைப் பத்தி வெளியே அதிகம் பேசறதில்லை. அவுட்சோர்சிங் வேலைன்னாலே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவாங்க. கேம் வெளிவரும் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது, அது நியாயம்தான். ஆனா வெளிவந்த பிறகும் இன்டர்ன் பேரைக் கடைசியில் ஓடுற பட்டியலில் போடணும்னு கட்டாயம் இல்லை. செஞ்ச மாடலைப் போர்ட்ஃபோலியோவில் காட்டவும் அனுமதி இருக்காது. இந்தத் துறையில் மார்க் ஷீட்டை யாரும் கேட்கிறதில்லை; 'என்ன செஞ்சே, காட்டு'ன்னுதான் கேட்பாங்க. ஆறு மாசம் உழைச்சவன் காட்டறதுக்கு ஒண்ணும் இல்லாம வெறுங்கையோட நிப்பான்.

இதுக்குச் சட்டமே இல்லையா? இருக்கு. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம். 2019ல் திருத்திய விதி பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000னு வச்சது. குறைந்தபட்சத் தொகையில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாகணும். சின்ன நிறுவனங்களும் விரும்பினால் எடுக்கலாம். தென்மாநிலங்களுக்கான வாரியமே நம்ம சென்னை தரமணியில்தான் இருக்கு. ஆனா 'அப்ரண்டிஸ்'னு முறையா பதிவு பண்ணினாத்தான் இந்தச் சட்டம் காப்பாத்தும். அதே நாற்காலி, அதே வேலை. 'இன்டர்ன்'னு பேர் மாத்திட்டா சட்டம் கிட்டயே வராது. அந்த ஓட்டை வழியாத்தான் எல்லாம் நடக்குது.

ஒன்றிய அரசு 2024 பட்ஜெட்டில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம்னு பெருசா அறிவிச்சது. அஞ்சு வருஷத்தில் ஒரு கோடி பேர், மாதம் 5,000 ரூபாய். நல்லது. ஆனா விதியைப் பாருங்க. இடம் கொடுப்பது நாட்டின் முதல் 500 பெரிய நிறுவனங்கள். இருபது பேர் வேலை செய்யற கேம் ஸ்டூடியோ அந்தப் பட்டியலில் எப்படி வரும்? 2024 அக்டோபரில் தொடங்கினப்போ முழுநேரமாப் படிக்கிறவங்களுக்கு இடம் இல்லைன்னும் விதி வச்சாங்க. படிக்கும்போது இன்டர்ன்ஷிப் கட்டாயம்னு ஒரு கை சொல்லுது, படிக்கிறவனுக்குக் காசு கிடையாதுன்னு இன்னொரு கை சொன்னுச்சு.

ஸ்டூடியோ நடத்தறவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. 'பத்து பேர் வச்சுப் பொழைக்கிறேன், சொல்லிக் கொடுக்கவே ஒரு சீனியரோட நேரம் போகுது, ஸ்டைபண்டுக்கு எங்க போவேன்?'னு கேட்பாங்க. வெண்பா பிறந்த கனடா இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு. 2017ல் மாணவர் பணிப் பயிற்சிக்குன்னு ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க. படிக்கிற மாணவரைச் சம்பளம் கொடுத்து எடுத்தா, அந்தச் சம்பளத்தில் 50 சதவீதத்தை, 5,000 டாலர் வரைக்கும், அரசே நிறுவனத்துக்குக் கொடுக்கும். பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், புதுசாக் குடியேறினவங்க, தொழில்நுட்பம் படிக்கிற பெண்கள் ஆகியோரை எடுத்தா 70 சதவீதம், 7,000 டாலர் வரைக்கும். சம்பளம் கொடுத்தாத்தான் உதவி. நம்ம ஊர் வார்த்தையில் சொன்னா, அது சமூக நீதி சேர்ந்த இன்டர்ன்ஷிப்.

நாம என்ன கேட்கணும்? நம் அணி விவாதத்துக்கு வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. ஒரு மாதத்துக்கு மேல் நீளும் எந்த இன்டர்ன்ஷிப்புக்கும் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் கட்டாயம். 'இன்டர்ன்' என்ற பெயரும் அப்ரண்டிஸ் சட்டப் பாதுகாப்புக்குள் வர வேண்டும்.

2. சிறிய ஸ்டூடியோக்களுக்கு ஸ்டைபண்டில் பாதியை அரசு ஏற்க வேண்டும். முதல் பட்டதாரி, அரசுப் பள்ளியில் படித்தவர், மாற்றுத் திறனாளி என்றால் முக்கால் பங்கு.

3. அரசிடம் நிலம், மானியம், வரிச் சலுகை எது வாங்கும் ஸ்டூடியோவும் ஊதியமுள்ள மாணவர் இடங்களை ஒதுக்க வேண்டும். அந்த இடங்கள் தொகையோடு 'நான் முதல்வன்' தளத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

4. மாணவரிடம் பணம் வாங்கிக்கொண்டு தரும் இன்டர்ன்ஷிப் சான்றிதழைக் கல்லூரிகள் ஏற்கக் கூடாது.

5. கேம் வெளியான பிறகு பங்களித்த இன்டர்ன் பெயரும் பட்டியலில் வர வேண்டும். என்ன வேலை செய்தார் என்ற கடிதமும் தர வேண்டும்.

சட்டம் வரும் வரைக்கும் கையைக் கட்டிட்டு இருக்க வேண்டாம். தம்பி தங்கைகளே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. மாசம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? யார் எனக்குச் சொல்லித் தருவாங்க? என் பேர் வருமா, கேம் வந்த பிறகு என் வேலையை நான் காட்டலாமா? நான் சொந்தமா செய்யற கேம் யாருக்குச் சொந்தம்? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, வேலையிலோ அப்ரண்டிஸாகவோ இருக்கும்போது அந்த வேலைக்காகச் செஞ்ச படைப்பு, வேற ஒப்பந்தம் இல்லாட்டி, முதலாளிக்குத்தான் சொந்தம். ராத்திரி ரூமில் உட்கார்ந்து நீங்களே செஞ்சது உங்களோடதுன்னு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்க. பதிலை வாயால சொன்னா போதாது, மெயிலில் கேளுங்க.

கையில் சாதாரண லேப்டாப்தான் இருக்கா? பரவாயில்லை. பிளெண்டர் இலவசம். கோடோ என்ஜினும் இலவசம், பெரிய கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே சின்ன 2டி கேம் செய்யலாம். ஜனவரியில் நடக்கிற குளோபல் கேம் ஜாமில் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன கேமை முடிச்சுப் பாருங்க. ஒரு நிலைதான் இருந்தாலும், முழுசா ஓடுற ஒரு கேம் காசு கொடுத்து வாங்கின பத்து சர்ட்டிபிகேட்டை விடப் பேசும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 'கேம் வேலைக்குப் போறேன்'னு பிள்ளை சொன்னா திட்டாதீங்க. 'சம்பளம் எவ்வளவு, எழுதிக் கொடுத்திருக்காங்களா?'ன்னு கேளுங்க. எந்த வேலைக்குப் போனாலும் கேட்கிற அதே கேள்விதான்.

தோழர்களே, உங்க பகுதியில் இன்டர்ன்ஷிப்னு சொல்லிப் பணம் கேட்டா ரசீது, மெசேஜ், விளம்பரம் எதுவானாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம் மாவட்ட அணிக்கு அனுப்புங்க. மாணவர் பேர் வெளியே வராது. தொகுத்து, ஆதாரத்தோட கல்வித் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் மனுவாக் கொண்டு போவோம். ஒருத்தர் கேட்டா 'இஷ்டம்னா இரு, இல்லேன்னா போ'ம்பாங்க. ஒரு மாவட்டமே கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.



#இன்டர்ன்ஷிப்புக்குச்_சம்பளம் #செய்த_வேலைக்குப்_பெயர்