கடல் கடந்த பியானோ



1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ஆம் நாள், கல்கத்தா நகரில் ஓர் அமெரிக்க இசைவாணர் காலரா நோய்க்குப் பலியானார். தூய குடிநீர் இருந்தால் தடுக்கக்கூடிய நோய் அது. அவருக்கு அப்போது வயது 41. டெடி வெதர்போர்டு என்னும் அவர், ஜாஸ் இசையின் தொடக்ககால மேதைகளுள் ஒருவர். அவர் நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தார், எதனைத் தந்து சென்றார் என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஜாஸ், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருவான இசை. அதன் உயிர்நாடி மனோதர்மம். எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் களிமண் குழம்பை அச்சில் வார்த்துப் பொம்மை செய்வார்கள். நூறு வார்த்தாலும் நூறும் ஒன்றுபோலவே இருக்கும். குயவர் சக்கரத்திலோ, அதே மண் விரல் நினைத்தபடி வளையும். ஜாஸ் சக்கரத்து வேலையைப் போன்றது. நம் வித்வான் கற்பனை ஸ்வரம் பாடுவதைப்போல, ஜாஸ் கலைஞரும் தாளத்தை விடாமல், அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்கிறார். ராகத்துக்குப் பதிலாக, பல ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்கும் கூட்டொலிகளின் வரிசை அவருக்கு எல்லை வகுக்கிறது.

வெதர்போர்டு 1903-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்திலும் ரயில் பெட்டியிலும் கறுப்பின மக்களைச் சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது. இளமையில் நியூ ஆர்லியன்ஸில் பியானோ பயின்று, பின்னர் சிகாகோ சென்றார். அங்கே ஊமைப் படங்களுக்கு வாசித்த எர்ஸ்கின் டேட் குழுவில் சேர்ந்தார். 1926-இல் அக்குழு பதிவு செய்த இசைத்தட்டில், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டோடு இவருடைய பியானோவும் ஒலிக்கிறது.

அதே ஆண்டு அவர் கீழைநாடுகளுக்குக் கப்பலேறினார். ஷாங்காய் நகரில் பல ஆண்டுகள் வாசித்தார். பிறகு பம்பாயின் தாஜ்மகால் ஓட்டலிலும், இரண்டாம் உலகப்போரின்போது கல்கத்தாவின் கிராண்ட் ஓட்டலிலும் குழு நடத்தினார்.

தாய்நாட்டில் தங்கிய ஆம்ஸ்ட்ராங் உலகப் புகழ் பெற்றார். கடல் கடந்த வெதர்போர்டின் பெயரை அமெரிக்காவிலேயே இன்று அறிந்தவர் சிலர்தாம். அப்படியானால் அவர் வாழ்வு வீணாயிற்றா? இல்லை என்பதே என் கருத்து. அவருடைய குழுவில் இந்தியரும் பர்மியரும் அருகருகே அமர்ந்து வாசித்தார்கள். ஜாஸ், குருவின் அருகிலிருந்து கேட்டுக் கேட்டே கற்க வேண்டிய வித்தை. அத்தகைய ஓட்டல் குழுக்களில் தேர்ந்த கோவா நாட்டு வாத்தியக்காரர்கள் பலர், பின்னாளில் இந்தித் திரைப்பட இசைக் குழுக்களுக்கு உறுதுணையாயினர். ஏட்டில் எழுதாத அந்த இசை, இவ்வாறு பிறர் விரல்களில் வாழ்ந்தது.

மாணவர்களே, வாய்ப்புக் கிடைத்தால் அந்த 1926-ஆம் ஆண்டு இசைத்தட்டை இருமுறை கேளுங்கள். முதல் முறை உங்கள் செவி டிரம்பெட்டைத் தொடர்ந்து செல்லும், அதில் தவறில்லை. இரண்டாம் முறை பியானோவைக் கவனியுங்கள். இடக்கை தாளத்தைக் காக்க, வலக்கை துணிந்து உலவுவது கேட்கும்.