தோழி இல்லாத வீடு



அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. மகளின் மெலிவுக்கு முருகு அணங்கியதே காரணம் எனக் கருதும் தாய் வேலனை அழைப்பாள். உண்மை நோய் காதல் என்பதைத் தோழி அறிவாள். உரிய நேரத்தில் அதனை எடுத்துரைப்பாள். அத்தோழி இல்லாத வீட்டில் என்ன நேரும்? டேனியல் ஸ்டாம் இயக்கி 2010இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் எக்சார்சிசம்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்வினாவை எழுப்புகிறது.

படப்பிடிப்புக் குழு ஒன்று பதிவு செய்த காட்சிகளே நம் முன் ஓடுகின்றன என்னும் பாவனையில் அமைந்தது இப்படம். 1999இல் வந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ உலகறியச் செய்த உத்தி அது. நடுங்கும் காட்சியும் பாதியில் அறுபடும் பேச்சும் ‘இது நடந்ததே’ என்று நம்பச் செய்கின்றன.

லூசியானா மாநிலத்துப் போதகர் காட்டன் மார்க்கஸ், நம்பிக்கையின்றியே பேயோட்டி வந்தவர். சடங்கின்போது சிறுவன் ஒருவன் இறந்த செய்தி அவரை உலுக்குகிறது. தம் தொழிலின் பொய்மையைப் புலப்படுத்த இருவர் கொண்ட படப்பிடிப்புக் குழுவுடன் ஒரு பண்ணைக்குச் செல்கிறார். புகை கக்கும் சிலுவை, மறைந்திருக்கும் ஒலிபெருக்கி ஆகியவற்றைத் தாமே படக்கருவியின் முன் காட்டுகிறார். வேலனே தன் ஆட்டத்தைக் கேலி செய்வது போன்ற காட்சி அது.

அப்பண்ணையில் தாயை இழந்த பதினாறு வயதுப் பெண் நெல் சுவீட்சர் வாழ்கிறாள். இரவில் கால்நடைகள் கொல்லப்படுகின்றன, அவள் ஆடையில் குருதி, அவளுக்கோ நினைவில்லை. பின்னர் அவள் கருவுற்றிருப்பது தெரிய வருகிறது. பேயின் செயல் என்கிறார் தந்தை. போதகரின் ஐயம் தந்தையின் மீதே பாய்கிறது. இறுதியில் அவள் ஓர் இளைஞனின் பெயரைச் சொல்கிறாள். விடை கிடைத்த நிம்மதியில் குழுவினர் விடைபெறுகின்றனர். வழியில் அவ்விளைஞனைச் சந்தித்தபோதுதான் அவள் கூற்று பொய்யென விளங்குகிறது. ஏன் பொய் சொன்னாள் என்று கேட்கத் திரும்பும்போது காலம் கடந்துவிடுகிறது.

ஓரிரவு அவள் படக்கருவியைக் கைப்பற்றிச் சென்று, அதனாலேயே ஒரு பூனையை அடித்துக் கொல்கிறாள். கருவி எல்லாவற்றையும் பார்த்தது, எதையும் கேட்டறியவில்லை. சாட்சியாக வந்தது, ஆயுதமாயிற்று.

முடிவில் தீயினின்று எழுவது பேயே என்று படம் காட்டுகிறது. அதுவரை வளர்ந்த ஐயத்தை அம்முடிவு சிதைப்பதாகக் கொள்வாரும் உளர். எனினும் அவளைக் கட்டிக் கிடத்திச் சூழ்ந்து நிற்போர் மனிதரே என்பது எண்ணத்தக்கது. பேய் உண்டா என்னும் வழக்கில் எப்பக்கம் வென்றாலும் அப்பெண் தோற்றாள்.

சங்கப் புலவர் தோழியைப் படைத்தது அழகுக்காக மட்டுமன்று. பேச இயலாதவளின் பொருட்டு ஒருத்தி பேச வேண்டும் என்பதற்காகவும்தான். கவிஞர் கூடும் இவ்வவையில் நினைக்கத்தக்கது அத்தோழியின் இடமே.