ஆய்வகக் கதவுக்கு இனச்சுழற்சி கிடையாது



மாணவர்களும் ஆய்வும் என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறீர்கள். இங்கே இருப்பவர்களில் பலர் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். எனவே அறிவியலின் பெருமையைச் சொல்லி நேரத்தைக் கடத்தப் போவதில்லை. ஆய்வகத்துக்குள் யார் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்பதை மட்டும் பேசுகிறேன்.

கல்லூரியில் சேர ஒரு பட்டியல் உண்டு. மதிப்பெண், தரவரிசை, இனச்சுழற்சி எல்லாம் அறிவிப்புப் பலகைக்கு வந்தாக வேண்டும். தவறு நடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், நீதிமன்றம் போகலாம். ஆனால், கோடை விடுமுறையில் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை கற்றுக்கொள்ளப் போகிற மாணவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? சில திட்டங்களுக்கு முறையான அறிவிப்பு வருகிறது. பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரு பேராசிரியர் இன்னொருவரைத் தொலைபேசியில் அழைத்து, “நம்ம பையன் ஒருத்தன் வர்றான், பாத்துக்கோங்க” என்கிறார். அந்த “நம்ம” என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும், எந்தத் தெருவோடு நின்றுபோகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அழைப்பு வந்தாலும் எல்லோராலும் போக முடியாது. அந்த வேலைக்குப் பல இடங்களில் ஊதியம் கிடையாது. இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அந்த இடத்தை எட்டுவதற்கு முந்தைய படியில் நிற்கிற மாணவருக்கோ பல நேரங்களில் பேருந்துக் கட்டணம்கூட இல்லை. கோடை விடுமுறை நம் வீடுகளில் சம்பாதிக்கும் காலம். துணிக்கடை, கேட்டரிங், கட்டட வேலை என்று போனால்தான் அடுத்த பருவத்துக்கான கட்டணம் கட்ட முடியும். பெங்களூரில் விடுதி வாடகை கொடுத்து இரண்டு மாதம் இலவசமாக வேலை செய்ய யாரால் முடியும்?

முடிந்தவருக்கு அந்த இரண்டு மாதம் நிறையத் தருகிறது. கருவிகளைத் தொட்டுப் பழகுகிறார். பரிந்துரைக் கடிதம் கிடைக்கிறது. சில நேரம் ஆய்வுக் கட்டுரையில் பெயரும் வருகிறது. பிறகு முனைவர் பட்ட நேர்காணலில், “இந்தக் கருவியை இயக்கியிருக்கிறீர்களா?” என்று கேட்கிறார்கள். அவர் ஆம் என்கிறார். நீங்கள் இல்லை என்கிறீர்கள். அவருக்குத் தகுதி இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்று முடிவெழுதுகிறார்கள். வாய்ப்பைக் கொடுத்து உருவாக்கிய ஒன்றைப் பிறவிக் குணம் போலக் காட்டுவதற்குத்தான் “தகுதி” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியை முன்வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூல், சாதி எப்படித் தகுதியாக வேடம் மாறுகிறது என்பதை விரிவாகக் காட்டுகிறது.

உள்ளே போய்விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? முதுகலையில் செய்முறைத் திட்டத்துக்காக நான் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, அதே நாளில் இன்னொரு மாணவரும் சேர்ந்தார். முதல் கேள்வி, “எந்த ஊர்?” அடுத்தது, “ஊரில் எந்தப் பக்கம்?” இரண்டாவது வாரம் அவர் நிறமாலைமானியில் அமர்ந்திருந்தார். நான் இரண்டு மாதம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். குடுவை கழுவுவது இழிவல்ல. அழுக்குக் குடுவையில் செய்த சோதனை குப்பைக்குத்தான் போகும். ஏன் ஒரே கைகள் மட்டும் கழுவுகின்றன என்பதுதான் கேள்வி. அங்கே யாரும் சாதியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புகாராவது எழுதியிருப்பேன்.

இது இன்று தொடங்கியதல்ல. விண்மீன்களின் வெப்பநிலைக்கும் அங்கே அணுக்கள் அயனியாவதற்கும் உள்ள உறவை 1920இல் சமன்பாடாக்கியவர் மேகநாத் சாகா. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தபோது, சாதியைக் காரணம் காட்டி விடுதி மாணவர்கள் அவரோடு சேர்ந்து உண்ண மறுத்தார்கள். டெல்லி எய்ம்ஸ் பற்றி விசாரித்த தோரட் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில், செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு நடக்கிறது என்று பட்டியலின, பழங்குடி மாணவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. எழுத்துத் தேர்வில் விடைத்தாள் பேசும். செய்முறையிலும் வாய்மொழியிலும் எதிரே இருப்பவர் நம் முகத்தைப் பார்க்கிறார்.

சட்டமும் சில கதவுகளை மூடித்தான் வைத்திருக்கிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான 2006ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஹோமி பாபா தேசிய நிறுவனம் போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. உயர்ந்த ஆய்வு நடக்கும் இடத்தில் இடஒதுக்கீடு கூடாது என்ற எண்ணத்துக்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டுமா?

இப்போது தேசியக் கல்விக் கொள்கையின் நான்காண்டு இளங்கலைப் படிப்பு வந்திருக்கிறது. மாணவர் ஆய்வை வளர்க்கிறோம் என்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு எடுத்தவரே நான்காம் ஆண்டில் ஆய்வைத் தேர்வு செய்யலாம். தமிழ்வழியில் படித்து, முதல் இரண்டு பருவங்களை ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டியே கழித்த ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் ஆண்டில் அவர் எழுந்து நிற்கும்போது ஆய்வகக் கதவு சாத்தப்பட்டிருக்கும்.

நாம் உள்ளே போவது நமக்கு வேலை கிடைப்பதற்காக மட்டுமல்ல. எது ஆய்வுக்குரிய கேள்வி என்பதையும் உள்ளே இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். மனிதரை மலக்குழிக்குள் இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. மரணங்கள் நிற்கவில்லை. நிலவுக்குக் கலம் அனுப்பிய நாட்டில் இது பொறியியல் கேள்வியாக மதிக்கப்படவே நீண்ட காலம் ஆனது. சென்னை ஐஐடியில் உருவான ‘ஹோமோசெப்’ என்ற மலக்குழி சுத்தம் செய்யும் இயந்திரம், ஒரு மாணவரின் முதுநிலை இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கியது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அதில் இணைந்து செயல்பட்டது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட இயந்திரங்கள், இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் வழிநடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குப் போயின. இயந்திரம் சாதியை ஒழிக்காது. ஆனால் ஒரு மாணவர் திட்டம் எதை நோக்கிப் போகலாம் என்பதை இது காட்டுகிறது. அந்தத் தெருக்களிலிருந்தே மாணவர்கள் ஆய்வகத்துக்கு வந்தால் இன்னும் எத்தனை கேள்விகள் மேசைக்கு வரும்!

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஆய்வகத்தில் மாணவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு வாய்ப்பும் துறையின் பலகையில் அறிவிக்கப்பட வேண்டும். யார் விண்ணப்பித்தார்கள், யார் எடுக்கப்பட்டார்கள் என்ற பதிவு வேண்டும்; அதில் இடஒதுக்கீடு வேண்டும். ஊதியமில்லாத ஆய்வுப் பயிற்சி கூடாது. கருவியைப் பயன்படுத்தும் நேரமும் கழுவும் வேலையும் சுழற்சி முறையில், எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வின் ஒலிப்பதிவு வேண்டும்.

உதவித்தொகை தண்டனைக் கருவியாகக் கூடாது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை வராமலே இருந்தது. 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். பணம் நிறுத்தப்படுவது வெறும் அலுவலகத் தாமதம் என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். இந்தக் கோடையில் உங்கள் துறையிலிருந்து எந்தெந்த மாணவர்கள் எந்தெந்த ஆய்வகங்களுக்குப் போனார்கள், எப்படித் தேர்வானார்கள் என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், பத்துப் பேராகக் கையெழுத்திட்டுப் போங்கள். பதில் வந்தால் அதை வைத்துப் பேசலாம். பட்டியலே இல்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த கோடைக்கான பட்டியலை அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.