பூட்டிய வீட்டில் ஓர் ஓவியம்



பள்ளி விடுமுறை விட்டதும் ஹூஸ்டனிலிருந்து நம்மில் பலர் ஊருக்குக் கிளம்புகிறோம். மின்கட்டணம் மிச்சமாகட்டும் என்று ஏசியை அடியோடு நிறுத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படிப் பூட்டிய வீட்டில், சுவரில் தொங்கும் கான்வாஸ் ஓவியம் என்ன பாடுபடும்? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கான்வாஸ் என்பது பருத்தி அல்லது லினன் துணி. துணிமேல் பசை, அதன்மேல் வெள்ளைப் பூச்சு, அதற்கும் மேலேதான் எண்ணெய் வண்ணம். காற்றில் ஈரம் ஏறினால் பசை ஊறித் துணி தொய்யும். ஈரம் இறங்கினால் பசை காய்ந்து இழுக்கும். இறுகிப்போன பழைய வண்ணத்தால் இந்த இழுபறிக்கு ஈடுகொடுக்க முடியாது. முதலில் மயிரிழை போல வெடிக்கும். பிறகு செதில் செதிலாக உதிரும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணமும் பிடிக்கும். அதுவும் நம் கண்ணில் படாத பின்பக்கத்தில்! பலகையில் செய்த தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இந்த ஏற்ற இறக்கம் ஆகாது.

அருங்காட்சியகங்கள் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக வைத்திருக்கப் பார்ப்பது இதனால்தான். நாமும் ஏசியை நிறுத்தாமல், வெப்பநிலையைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டுப் போகலாம். ஈரம் நீக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஈரப்பதமானி சில டாலருக்கே கிடைக்கிறது. ஓவியத்தை வெளிச்சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்ட வேண்டாம். சட்டத்தின் பின்னால் சிறு தக்கைகள் ஒட்டினால் காற்று உலவ இடம் கிடைக்கும்.

புயல் வந்தால் கதையே வேறு. நம் ஊர் ராத்கோ சேப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் ராத்கோவின் 14 பெரிய கான்வாஸ்களுக்காகவே கட்டப்பட்டு 1971இல் திறக்கப்பட்ட இடம் அது. 2024 ஜூலையில் வீசிய பெரில் புயலில் கூரை கசிந்து மூன்று ஓவியங்கள் சேதமடைந்தன. சேப்பலையே சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. அத்தனை பாதுகாப்புள்ள இடத்துக்கே அந்த நிலை என்றால், நம் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓவியம் நனைந்துவிட்டால் பதறாதீர்கள். மரச்சட்டத்திலிருந்து துணியைப் பிரிக்காமல், வண்ணப்பக்கம் மேலே இருக்கும்படி கிடையாக வையுங்கள். அடியில் கட்டைகள் கொடுத்துக் காற்றுப்பட விடுங்கள். வெயிலில் காயவைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் கூடாது. துணியால் துடைத்தால் பூஞ்சணத்தோடு வண்ணமும் வந்துவிடும். பூஞ்சணம் பிடித்ததை மற்றப் படங்களிலிருந்து பிரித்து வைத்து, ஓவியப் பராமரிப்பு நிபுணரை அழையுங்கள். அமெரிக்கப் பராமரிப்பாளர் கழகத்தின் இணையதளத்தில் உங்கள் பகுதி நிபுணர்களைத் தேடலாம்.

ஏசியை நிறுத்தினால் கொஞ்சம் பணம் மிச்சம்தான். ஆனால் தாத்தா பாட்டியின் எண்ணெய் ஓவியம் ஒன்று உதிர்ந்துபோனால், அதை எந்தக் கடையில் வாங்குவது?