கைக்குழந்தையின் பால் டின்னும் குடும்பத்தின் வரவு செலவும்

(பயிற்சி பெற்று வரும் நலத்துறை அலுவலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் படித்த ஒருவனை அழைத்து, கைக்குழந்தைக்கு எந்தப் பால் பவுடரைத் தேர்ந்தெடுப்பது என்பது பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். மருத்துவர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றிற்று. எண்ணிப் பார்த்தபோது, இது மருத்துவமனைக்குள் தொடங்கினாலும் மருந்துக் கடையின் முகப்பில் முடிவாகும் விஷயம் என்பது புலப்பட்டது. அங்கே விலையும் வருமானமும் விளம்பரமும் அறியாமையும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஆகவே எனக்கும் இதில் சிறிது இடம் உண்டென்று துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகன் ஒரு மருந்துக் கடையிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தான். குழந்தை பிறந்து மூன்றாம் நாள், அறுவைப் பிரசவம். "சித்தப்பா, இங்கே நாலைந்து வகை டின் இருக்கிறது. நர்ஸ் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். அதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. எதை வாங்கட்டும்?" என்றான். நான் ஒரு கணமும் யோசியாமல், "விலை கூடியதையே வாங்கிவிடு, குழந்தை விஷயம்" என்றேன். விலையைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று பல பயிற்சி வகுப்புகளில் சொல்லியவன் நான். அன்று எனக்கே அது நினைவுக்கு வரவில்லை. அந்த மறுமொழியில் இருந்த பிழைகளை எடுத்துரைப்பதே இன்றைய என் உரை என்று கொள்ளலாம்.

முதற் பிழை, டின்களுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டென்று கருதியது. குழந்தைப் பால் உணவு மற்ற நுகர்பொருள்களைப் போன்றதன்று. சோப்பிலும் தேயிலையிலும் உற்பத்தியாளர் தம் விருப்பப்படி தரத்தை வகுக்கலாம். இதிலோ கலவையையே விதி வகுத்துவிடுகிறது. உலகெங்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்படும் கோடெக்ஸ் தர விதியின்படி, கரைத்த பாலில் 100 மில்லிக்கு 60 முதல் 70 கலோரி வரை ஆற்றல் இருத்தல் வேண்டும். 100 கலோரிக்குப் புரதம் 1.8 கிராமுக்குக் குறையலாகாது. கொழுப்பு, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இவ்வாறே எல்லை உண்டு. நம் நாட்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டில் குழந்தை உணவுகளுக்கென்றே தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஆகவே உரிமம் பெற்று முறையாக விற்கப்படும் எந்த டின்னும் ஒரே குறுகிய வரம்புக்குள் அடங்கியதாகவே இருத்தல் வேண்டும். மூளை வளர்ச்சிக்கு இது, எதிர்ப்புச் சக்திக்கு அது என்று சொல்லிக் கூடுதலாகச் சேர்க்கப்படும் டி.எச்.ஏ. போன்ற பொருள்கள் கோடெக்ஸ் விதியில் விருப்பச் சேர்மானங்களே. விலையின் ஏற்றத்தாழ்வுக்குப் பெரும்பாலும் இவையும் அழகிய டப்பாவும் வணிகச் சின்னத்தின் புகழுமே காரணம்.

பின் டின்னில் பார்க்க வேண்டியதுதான் என்ன? பதினான்கு இலக்க உரிம எண், காலாவதி நாள், டின் நசுங்காமலும் முத்திரை உடையாமலும் இருத்தல், அதன் மேல் அச்சிட்டிருக்கும் 1, 2 என்னும் எண் ஆகியவை. இந்த எண்ணைத் தரவரிசை என்று நினைப்போர் உளர். அது வயதைக் குறிப்பது. பிறந்தது முதல் ஆறு மாதம் வரை முதலாம் எண், அதன் பின் இரண்டாம் எண். சோயாவில் செய்தது, லாக்டோஸ் நீக்கியது ஆகிய வகைகள் நோய்நிலை அறிந்து மருத்துவர் சொன்னாலன்றி வாங்கத்தக்கவை அல்ல.

இரண்டாம் பிழை, செலவின் முழு அளவை எண்ணாதது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கைக்குழந்தைக்குப் பெருந்தீங்கு நேர்வது இந்த இடத்தில்தான். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோ ஒன்றுக்கு 150 மில்லி என்ற பொதுக் கணக்கில், நாளொன்றுக்கு 750 மில்லி பால் வேண்டும். 30 மில்லி நீருக்கு ஒரு மட்டக் கரண்டி, அதாவது ஏறத்தாழ நாலரை கிராம் என்றால், நாளொன்றுக்கு இருபத்தைந்து கரண்டி; சுமார் 112 கிராம். 400 கிராம் டின் மூன்றரை நாளுக்கு மேல் வாராது. மாதத்துக்கு எட்டு அல்லது ஒன்பது டின். டின்னின் விலை 400 ரூபாய் என்று கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்டால் மாதச் செலவு 3,400 ரூபாய். 800 ரூபாய் டின்னானால் 6,800 ரூபாய். நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலியில் மாதத்தில் 22 நாள் வேலை கிடைக்கும் ஒருவரின் வருமானம் 8,800 ரூபாய். எரிபொருள், புட்டி, குழந்தைக்கு நோய் கண்டால் ஆகும் மருத்துவச் செலவு, இழக்கும் கூலி ஆகியவற்றை நான் இதில் சேர்க்கவில்லை.

இத்தகைய குடும்பம் என்ன செய்யும்? முதல் டின்னை முறையாகக் கரைக்கும். இரண்டாவது டின்னில் கரண்டியைச் சற்றுக் குறைக்கும். மூன்றாவது டின்னை ஒரு வாரத்துக்கு இழுக்கும். பார்வைக்குப் பால் வெண்மையாகத்தான் இருக்கிறது; புட்டியும் நிறைந்துதான் இருக்கிறது. குழந்தைக்குக் கிடைப்பதோ பாதி உணவு. தாய் அறியாமையால் மட்டும் இதைச் செய்வதில்லை. வருமானத்துக்குள் செலவை அடக்க வேண்டுமென்னும் கட்டாயத்தால் செய்கிறாள். ஆகையால், மாற்றுப் பால் இன்றியமையாதது என்று முடிவான ஒரு குடும்பம், விதிக்குட்பட்ட டின்களுள் கடைசி மாதம் வரை நீர்க்காமல் கொடுக்கத் தன்னால் இயலுவது எதுவோ அதையே வாங்குதல் வேண்டும். விலை குறைந்த டின் என்பதற்காக நாணவேண்டியதில்லை. சின்னத்தை மாற்ற நேர்ந்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை: ஒரு டின்னின் கரண்டியை இன்னொரு டின்னுக்குப் பயன்படுத்தலாகாது, அளவுகள் வேறுபடும். கரண்டி கூடினாலும் தீங்குதான். கரைசல் கெட்டியானால் உப்புச் சுமை பச்சிளங் குழந்தையின் சிறுநீரகத்தை வருத்தும்.

மூன்றாம் பிழையே தலையாயது. "எது?" என்று அவன் கேட்டபோது, "வேண்டுமா?" என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அறுவைப் பிரசவத்துக்குப் பின் பால் நன்கு சுரக்க மூன்று நான்கு நாள் ஆவது வியப்பன்று. அதுவரை ஊறும் சீம்பால் அளவில் சிறிது. பிறந்த குழந்தையின் இரைப்பையும் சிறிது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் பெருகும். புட்டியால் வயிறு நிறைந்த குழந்தை மார்பை நாடுவது குறையும். நாடுவது குறைந்தால் சுரப்பு குறையும். சுரப்பு குறைந்தால் அடுத்த டின் வேண்டும். தன் இலவசப் போட்டியாளரைத் தானே வற்றச்செய்யும் பண்டம் சந்தையில் வேறு எது உண்டென்று எனக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, எங்கள் துறையின் கணக்கு முறை இதற்கு ஒத்துப் போகிறது. விற்கப்படும் டின் தேசிய வருமானத்தில் ஏறுகிறது. தாய்ப்பால் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

இந்தச் சந்தையின் வரலாறு நமக்கு முற்றும் பெருமை தருவதுமன்று, முற்றும் சிறுமை தருவதுமன்று. விடுதலைக்குப் பின் குழந்தைப் பால் உணவை அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்துவந்தோம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப் பாலிலிருந்தே அதைச் செய்யும் முறையை வகுத்தது. ஆனந்தில் கெய்ரா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம் அதை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அந்நாளில் இது அருஞ்சாதனை. கொழுகொழுவென்ற குழந்தையை 'அமுல் பேபி' என்று நாம் இன்றும் கொஞ்சுகிறோம். ஒரு வணிகச் சின்னம் அழகின் இலக்கணமாகவே மொழியில் புகுந்துவிட்டது என்பதை அச்சொல்லை ஆளும்போது நாம் நினைப்பதில்லை.

உலக அளவில் எச்சரிக்கை எழுந்தது இன்னும் முன்னரே. 1939இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், பொருந்தாப் புட்டிப்பாலால் குழந்தைகள் மடிவதைக் கொலையோடு ஒப்பிட்டு உரையாற்றினார். 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1983இல் தனக்கென ஒரு தேசிய நெறிமுறை வகுத்து, 1992இல் அதைச் சட்டமாக்கிற்று. 2003இல் அச்சட்டத்தை மேலும் இறுக்கிற்று. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் மாற்று உணவு, புட்டி, குழந்தை உணவு எதையும் விளம்பரம் செய்யலாகாது. டின் மீது குழந்தையின் படமோ பெண்ணின் படமோ கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்னும் வாசகம் இருந்தாக வேண்டும். மருத்துவப் பணியாளருக்குப் பரிசோ ஊக்கத்தொகையோ கொடுத்தல் குற்றம்.

சட்டம் வலுவானதே. எனினும் சுவரொட்டியிலிருந்து துரத்தப்பட்ட விளம்பரம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். நர்ஸ் எழுதிக் கொடுத்த அந்தத் துண்டுச் சீட்டில் ஒரு சின்னத்தின் பெயர் எப்படி வந்தது? நான் எவர் மீதும் குற்றம் சாட்டவில்லை, பழக்கத்தால் எழுதியிருக்கலாம். ஆனால் தந்தையின் கண்ணுக்கு அது மருந்துச் சீட்டு. இரண்டு வயதைக் கடந்தோருக்கு என்று விற்கப்படும் பால் பவுடர்கள் அதே சின்னத்தையும் அதே வண்ணத்தையும் தாங்கி விளம்பரமாவது இன்னொரு வழி.

தேசியக் குடும்ப நல ஆய்வின் எண்கள் சிலவற்றை மட்டும் நோக்குங்கள். 2015-16இல் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பிரசவங்கள் 78.9 விழுக்காடு, 2019-21இல் 88.6 விழுக்காடு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் 54.9இலிருந்து 63.7 விழுக்காடாக உயர்ந்தனர், மகிழத்தக்கது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ 41.6இலிருந்து 41.8 விழுக்காடு, அதாவது, நகரவே இல்லை. பத்தில் ஒன்பது குழந்தைகள் நம் கண்காணிப்பில் பிறக்கின்றன. பாதிக்கும் குறைவானவற்றுக்கே முதல் மணி நேரத்தில் பால் கிடைக்கிறது. டின்னின் தேவை உருவாகத் தொடங்குவது இந்த இடைவெளியில்தான். வேலைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் மற்றொரு காரணம். 2017ஆம் ஆண்டின் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரங்களாக்கிற்று. ஆயினும் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் செல்லும் பெண்ணுக்கு அந்த விடுப்பு எட்டாக்கனி.

இவ்வளவும் சொன்னதால், டின்னை நாடுவோரெல்லாம் பிழை செய்தவர் என்று எவரும் கொள்ளலாகாது. தாயை இழந்த குழந்தை உண்டு. தத்தெடுக்கப்பட்ட குழந்தை உண்டு. தாய்ப்பாலை விலக்க வேண்டிய மருந்துகளை உண்ணும் தாய்மார் உளர். காலக்டோசீமியா என்னும் பிறவிக் குறை கண்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே ஆகாது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு உதவத் தாய்ப்பால் வங்கிகள் உண்டு. ஆசியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது. ஆயினும் அவை எல்லா ஊர்களிலும் இல்லை. இந்தக் குடும்பங்களின் முன் தாய்ப்பாலின் பெருமையை மட்டும் பேசிவிட்டு நாம் எழுந்து வந்தோமானால், அவர்களைக் கடைக்காரரிடம் ஒப்படைத்தவர்களாவோம்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. பால் பவுடர் கிருமியற்ற பொருள் அன்று. குரோனோபேக்டர் போன்ற கிருமிகள் அதில் இருக்கக்கூடும். ஆகவே கொதித்த நீர் முற்றும் ஆறுமுன், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் கரைத்து, பிறகு ஆறவைத்துப் புகட்ட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2007இல் வழிகாட்டிற்று. கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைத்திருக்கலாகாது. மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கழுவுதற்கரிய புட்டியைவிடக் கிண்ணமும் கரண்டியும் மேல். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடை இன்று அதே பெயரால் குழந்தை மருத்துவ நூல்களில் இடம் பெற்றிருப்பதை இங்கே குறிப்பிடலாம்.

1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. மாற்றுப் பால் புகட்டும் முறையைத் தாய்க்கோ குடும்பத்தாருக்கோ செய்து காட்டும் உரிமை மருத்துவப் பணியாளருக்கு மட்டுமே உண்டு; முறைதவறிப் பயன்படுத்துவதால் வரும் தீங்குகளையும் அவர் தெளிவாக விளக்கியாக வேண்டும். என் அண்ணன் மகனுக்கு இவ்விரண்டையும் செய்தவர் எவருமில்லை. கடைக்காரப் பையன்தான் டின்னைத் திருப்பிக் காட்டி, "இதிலேயே போட்டிருக்கிறது சார்" என்றானாம். நான்காம் நாள் வேறொரு நர்ஸ் தாயின் அருகில் அரை மணி நேரம் அமர்ந்து, குழந்தையை மார்பில் பொருத்தும் முறையைக் காட்டிய பிறகு பால் சுரந்தது. நான் வாங்கச் சொன்ன டின்னில் முக்கால் பங்கு மீந்துபோயிற்று.