சிறு நகரின் ஹொக்கி இரசிகர்

ஹொக்கி என்றவுடன் புற்றரையும் சிறு பந்துமே பலருக்கு நினைவில் எழும். வட அமெரிக்காவிலோ அச்சொல் பனிக்கட்டித் தளத்தில் ஆடப்படும் ஆட்டத்தையே குறிக்கும். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட தளத்திலே, சறுக்குக் காலணி பூண்ட அறுவர் ஒருபுறமும் அறுவர் மறுபுறமுமாக நின்று, கடினமான இறப்பர் வட்டொன்றை வளைதடியால் அடித்து எதிரணியின் வலைக்குள் செலுத்த முயல்வர். 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நிகழும்.

இவ்விளையாட்டின் உச்சியில் இருப்பது தேசிய ஹொக்கி லீக். அதன் கீழ்ப்படியாக 1936ஆம் ஆண்டு முதல் அமெரிக்கன் ஹொக்கி லீக் இயங்கி வருகின்றது. அதற்கும் கீழே 1988இல் தோன்றிய மற்றொரு லீக் உண்டு. கீழ்ப்படி அணிகளுட் பெரும்பாலானவை மேற்படிக் கழகம் ஒன்றோடு இணைந்தவை. இளம் வீரரைப் பயிற்றி மேலே அனுப்புவதே அவற்றின் முதற்பணி. வெள்ளிக்கிழமை இரவு வெற்றிக் கோலைப் புகுத்திய வீரன், சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னரே தாய்க்கழகத்தின் அழைப்பை ஏற்றுப் புறப்பட்டுவிடலாம். இரசிகரை எவரும் கேட்பதில்லை. தம் அணி தோற்றாலும் தம் வீரன் உயர்ந்தான் என்று மகிழ வேண்டிய விந்தையான நிலை அவர்களுடையது.

நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியில், ஹட்சன் நதிக்கரையில் அமைந்த கிளென்ஸ் போல்ஸ் என்னும் ஊரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 15,000க்கும் குறைவான மக்கள் வாழும் இவ்வூர், மரத்தாலும் காகித ஆலையாலும் வளர்ந்தது. 1979இல் இங்கே ஓர் அரங்கம் திறக்கப்பட்டது. டெட்ரோயிட் கழகத்தின் துணை அணியான அடிரொண்டாக் ரெட் விங்ஸ் அங்கு ஆடத் தொடங்கியது. 1981, 1986, 1989, 1992 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவ்வணி கால்டர் கிண்ணத்தை வென்றது. 1986இல் வென்ற அணியில் இருந்த இளைஞரான அடம் ஓட்ஸ், 2012இல் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். அவரது முதற்பருவ ஆட்டங்களைச் சில அடி தூரத்திலிருந்து கண்டவர்கள் இவ்வூர் மக்களே.

ஆயினும் 1999இல் அவ்வணி மறைந்தது. பின்னர்க் கீழ்ப்படி அணிகள் சில ஆண்டுகள் ஆடின. மூன்று பருவங்கள் அரங்கம் அணியின்றியே கிடந்தது. 2009இல் பிலடெல்பியாக் கழகத்தின் துணை அணி வந்தது. 2014இல் அது பென்சில்வேனியாவின் அலன்ரவுனுக்குப் பெயர்ந்தது. உடனே கல்கரிக் கழகத்தின் அணி வந்தது; அதுவும் ஒரே ஆண்டில், 2015இல், கலிபோர்னியாவின் ஸ்ரொக்ரனுக்குச் சென்றது. அதற்கு ஈடாக ஸ்ரொக்ரனில் ஆடிய தண்டர் என்னும் மூன்றாம்படி அணி கிளென்ஸ் போல்சுக்கு அனுப்பப்பட்டது.

இவ்விடத்திலேதான் இரசிகரின் பற்று சோதனைக்கு உள்ளாயிற்று. உயர்ந்த அணியைப் பறித்துத் தாழ்ந்த அணியைத் தந்துள்ளனர் என்று மனங்கசந்து வீட்டில் இருந்துவிட அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் பற்று அற்றுப்போகவில்லை. 2017இல் உள்ளூர் மக்கள் சேர்ந்து அமைத்த நிறுவனமே அவ்வணியை விலைக்கு வாங்கியது. அணியின் இருப்பைத் தொலைவிலுள்ள நகரொன்று தீர்மானித்த நிலை அன்று மாறியது.

இவர்கள் இத்துணை உறுதியாக வருவது எதற்காக? பெருநகரின் பேரரங்கில் வீரன் சிறு புள்ளியாகவே தெரிவான். இங்கோ சறுக்குத் தகடு பனியைக் கீறும் ஒலியும் பலகைச் சுவரில் உடல் மோதும் அதிர்வும் நேரே வந்தடையும். நுழைவுச்சீட்டின் விலையும் குடும்பத்தோடு வரக்கூடிய அளவிலே உள்ளது. ஆண்டாண்டாக ஒரே வரிசையில் அமர்பவர்கள் ஒருவர் மற்றவரின் பிள்ளைகள் வளர்வதைப் பார்த்திருப்பர். நீண்ட பனிக்கால இரவுகளில் ஊரார் ஒன்றுகூடும் இடம் அதுவே.

வீரர்கள் வருவர், போவர். அணியின் பெயரும் சின்னமும் மாறும். மாறாதிருப்பது இருக்கையில் அமர்ந்திருக்கும் ஊரே. புகழ் பெற்றபின் ஒருவனைப் பாராட்டுவது எவருக்கும் எளிது. பெயர் அறியாப் பருவத்தில் அவனுக்காகக் கைதட்டி, அவன் பிரிந்தபின் அடுத்தவனுக்கும் அவ்வாறே கைதட்டுவது, சிறு நகரின் இரசிகருக்கே உரிய பெருந்தன்மையாகும்.