பேச்சுப் பயிற்சி: எப்போது, எங்கே தொடங்குவது?

(ஹேடோவில் நம் குடும்பங்கள் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். எனவே வைத்தியம் சொல்ல வரவில்லை. யாரிடம், எப்போது போகவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

குழந்தை பேசத் தாமதமானால் நம் அகங்களில் என்ன சொல்வோம்? "அவன் தாத்தாவும் லேட்டாகத்தான் பேசினார், தானே வரும்" என்போம். நாக்கில் வசம்பு தடவுவோம். அதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிடும். மூளை மொழியை வெகு வேகமாகக் கற்கும் வருஷங்கள் அவை. ஏறத்தாழ ஒரு வயதில் முதல் சொல் வரவேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா" என இரண்டு சொற்கள் சேரவேண்டும். வராவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

முதல் வேலை காது பரிசோதனை. "கை தட்டினால் திரும்புகிறானே" என்பது போதாது. சில ஒலிகள் மட்டும் கேட்காமலிருக்கலாம். இங்கே ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் ஆரம்பிக்கலாம்.

இந்த ஊரில் இன்னொரு சந்தேகமும் எழும். அகத்தில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ். குழந்தை குழம்புமே, தமிழை நிறுத்திவிடலாமா? கூடாது. பல மொழிகளைக் கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்றே ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தமிழை நிறுத்தினால் பாட்டியோடு பேசும் வழிதான் அடைபடும்.

திக்கும் குழந்தையை "நிதானமாகச் சொல்லு" என்று அதட்டாதீர்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்கவும் வேண்டாம். பொறுமையாகக் கேளுங்கள். சில மாதங்களில் சரியாகாவிட்டால் நிபுணரிடம் காட்டுங்கள்.

இனி நம் வயதினர். திடீரென்று பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே அவகாசம். பிழைத்தெழுந்தவர் சிலருக்கு சந்தியாவந்தன மந்திரம் தடையின்றி வரும். ஒரு டம்ளர் தீர்த்தம் கேட்க வராது. வீம்பு என்று நினைத்துவிடாதீர்கள். பல வருஷம் பழகி மனப்பாடமானது தங்கியிருக்கிறது. புதிதாக வாக்கியம் அமைக்கும் சக்தி அடிபட்டிருக்கிறது. பெரும்பாலும் புத்தி தெளிவாகவே இருக்கும். அவரைக் குழந்தை போல் நடத்துவதுதான் பெரிய துன்பம். முதல் சில மாதங்களிலேயே பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம். பிறகு தொடங்கினாலும் வீணல்ல.

பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைசூரில் 1965ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005ல் தொடங்கிய தேசிய நிறுவனமும் மத்திய அரசைச் சேர்ந்தவை. இங்கிருந்து கப்பலில் சென்னை போக மூன்று நாள். மாதாமாதம் யாரால் முடியும்? ஆனால் 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்துவிட்டது. ஒருமுறை நேரில் காட்டி, பிறகு வீடியோ மூலம் பயிற்சியைத் தொடர முடியுமா என்று அவர்களிடமே விசாரியுங்கள்.

நிபுணர் வாரத்தில் ஒரு மணி நேரம் இருப்பார். மீதி நேரமெல்லாம் குடும்பத்தின் கையில். டி.வி.யை அணைத்து, தினம் கால் மணி நேரம் முகம் பார்த்துப் பேசுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். நம்மில் யார் அகத்திலாவது இப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே காது பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள்.